முன்னணையில் ஒரு வைக்கோல்

தார்நாக்காவைத் தாண்டி மெட்டுகுடா நிலையத்துக்குள் மெட்ரோ ரயில் நுழையும்போது வீடுகளின் மொட்டைமாடிகள் கண்ணுக்கு நேராக வருகின்றன. நவம்பர் கடைசி வாரம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூங்கில் கழியில் கட்டிய ஒரு காகித நட்சத்திரத்தைப் பார்த்தேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் சாமான் இல்லை. பிளாச்சு கட்டி, வெள்ளைப் பட்டக் காகிதம் ஒட்டி, கீழே வால் விட்டது. ஒரு முனையில் காகிதம் கிழிந்து காற்றில் படபடத்தது. கதவு மூடி வண்டி செகந்திராபாத் ஈஸ்ட்டைப் பார்த்து நகர்ந்துவிட்டது. எனக்கோ மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. பூச்சி அரிக்காமல் இருக்க அப்பா அதில் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார். பசை லேசாக நீலம் பாரிக்கும். அதைத் தொட்ட கையை வாயில் வைக்கக் கூடாது என்று எங்களை மிரட்டி வைத்திருந்தார்கள்.

கட்டி முடித்த நட்சத்திரம் எங்கள் வீட்டில் உடனே வாசலுக்குப் போகாது. பரணில் ஏறிவிடும். தெருவில் மற்ற வீடுகளில் டிசம்பர் முதல் தேதியே விளக்கு எரியும். எங்களுக்கு அழுகையாக வரும். "பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி யாராச்சும் தொட்டில் கட்டுவாங்களா?" என்பாள் அம்மா. அதற்கு மேல் பேச்சில்லை. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம், அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, நாற்பது வாட் பல்பு வைத்து அதைத் தொங்கவிடுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நாங்கள் மாதம் முழுக்கக் காத்துக் கிடந்தோம்.

அப்பா பொன்மலைப் பட்டறையிலிருந்து வந்தவர். 1966 அக்டோபர் 2ஆம் தேதி செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே உருவானது. அதையொட்டித் திருச்சிப் பக்கத்தை விட்டு இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. லாலாகுடா பட்டறை நிஜாம் ரயில்வே காலத்தது. 1893இல் தொடங்கியது. அதன் சங்கு ஊதும் நேரத்துக்கு மெட்டுகுடா எழுந்து, சாப்பிட்டு, படுத்தது. ஒரே வரிசை குவார்ட்டர்ஸில் தமிழ் பேசுபவர்கள், தெலுங்குக்காரர்கள், கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். கிணற்றடியில் நாலு பாஷை கேட்கும். அவரவர் கொண்டுவந்த கிறிஸ்துமஸும் நாலு விதம்.

ஆகமன காலம் என்று அம்மா சொல்லும் திருவருகைக்காலம், நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கும். சாமியார் ஊதா உடுப்புக்கு மாறுவார். பீடத்தில் பூ குறையும். வானவர் கீதம் பாடுவது நின்றுவிடும். பாலன் பிறக்கும் இரவில்தான் மணியோசையோடு திரும்பி வரும். அந்த நாலு வாரத்தில் எங்கள் சொந்தத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டுமென்றால் நவம்பருக்குள் வாசித்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் தை பிறக்கட்டும் என்பார்கள்.

பீடத்துக்குப் பக்கத்தில் நாலு மெழுகுதிரி வைத்த பச்சை வளையம் வந்தது எனக்கு நினைவு தெரிந்த பிறகுதான். எங்கள் பங்கில் அதை ஒரு பழைய சைக்கிள் ரிம்மில் செய்தார்கள். கம்பி எடுத்த ரிம்மைச் சுற்றி நெட்டிலிங்க இலையை நூலால் இறுக்கிக் கட்டுவார் கோயில்பிள்ளை. அந்தப் பழக்கம் பிறந்ததும் ஒரு சக்கரத்தில்தான் என்று பின்னாளில் படித்தேன். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். நாள் குறைய வெளிச்சம் கூடும். லுத்தரன் விடுதியில் பிறந்த அந்த வளையத்தை இன்று கத்தோலிக்கக் கோயில்களிலும் பார்க்கலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. பதினெட்டு வயதில் மடத்துக்குப் போனவள், அவளுடைய சபை அவளை எங்கள் ஊர்ப் பக்கமே வேலைக்கு அனுப்பியது. நாலு பேர் முன்னால் அம்மா தன் தங்கையை "சிஸ்டர், வாங்க" என்பாள். அடுப்படிக்குள் போனதும் "ஏண்டி, சாப்பிட்டியா? இளைச்சுப் போயிட்டே" என்பாள். இரண்டும் அம்மாவுக்கு இயல்பாகவே வந்தன.

மடத்துக் கூடத்தில் திருவருகையின் முதல் நாளே ஒரு முன்னணையை வைத்துவிடுவார்கள். மரப்பலகையில் அடித்தது, வெறுமையானது. குழந்தை சுரூபம் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். பக்கத்தில் ஒரு கூடையில் வைக்கோல். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள், அன்றைக்கு ஏதாவது ஒரு நல்லது செய்திருந்தால், ஒரே ஒரு வைக்கோலை எடுத்து முன்னணையில் போடலாம். பாலன் படுக்க மெத்தை. என்ன செய்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஒருநாள் ஒரு பையன் கைநிறைய அள்ளிப் போட்டான். சித்தி அவனைத் திட்டவில்லை. குனிந்து, அத்தனையையும் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை எங்கே வைப்பது என்று ரொம்ப நேரம் யோசித்து, தலை வரும் பக்கமாக வைத்தான்.

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் போடுவார்கள். என் வகுப்பில் ஒரு தெலுங்குப் பெண் இருந்தாள். அவர்கள் வீட்டில் சங்கராந்திக்குக் கொலு வைப்பார்கள். அவள்தான் எங்களில் அதிகம் வைக்கோல் போட்டவள் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பையை மாட்டிக்கொண்டு போவாள்.

அதே கூடத்துக்கு வெளியே ஒரு நீண்ட தாழ்வாரம். அதன் கோடியில், திண்ணை ஓரத்தில், மரியாளும் சூசையப்பரும் கழுதையும் புறப்படுவார்கள். களிமண் சுரூபங்கள், கழுதைக்கு ஒரு காது கிடையாது. தினமும் சாயங்காலச் செபம் முடிந்ததும் ஒரு சகோதரி அவற்றை இரண்டு ஓடு தூரம் நகர்த்தி வைப்பார். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு. மழை ஓதம் அடித்தால் துடைத்து வைப்பார். இருபத்துநாலாம் தேதிதான் குடில் வாசலை எட்டும். மூன்று ராசாக்கள் எதிர்க் கோடியிலிருந்து கிளம்பி, ஜனவரி 6 வரை நடந்துகொண்டே இருப்பார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த பிறகும் வழியில் இருப்பவர்கள் உண்டு என்பதை ஒரு குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

முதல் ஞாயிற்றின் நற்செய்தியில் குழந்தையே வராது. விழித்திருங்கள், ஆண்டவர் வரும் நேரம் உங்களுக்குத் தெரியாது என்ற எச்சரிக்கைதான் வரும். சின்ன வயதில் எனக்கு அது பயமாக இருந்தது. சித்தியிடம் கேட்டேன். அவள் மூன்று விரலை நீட்டினாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெர்நார்து என்ற துறவி தன் மடத்துச் சகோதரர்களுக்கு ஆகமன காலத்தில் மூன்று வருகையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்றாள். ஒன்று, பெத்லகேமில் வந்தது. இன்னொன்று, உலக முடிவில் வரப்போவது. இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் தெரியாமல் மனுஷ மனசுக்குள் வருவது மூன்றாவது. நடுவிரலைப் பிடித்துக்கொண்டு, "மத்த ரெண்டுக்கும் நாம ஒண்ணும் செய்ய முடியாது. இதுக்குத்தான் கதவைத் திறந்து வைக்கணும்" என்றாள்.

டிசம்பர் 17 முதல் 23 வரை அந்த மடத்தில் மாலைச் செபம் வேறு மாதிரி இருக்கும். மரியாளின் பாடலுக்கு முன்னால், நாளுக்கு ஒன்றாக, வருகிறவரை ஒரு பட்டம் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஞானமே என்று ஒருநாள், ஈசாயின் வேரே என்று ஒருநாள், தாவீதின் திறவுகோலே என்று ஒருநாள், கடைசியில் இம்மானுவேல். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பாடப்படும் ஏழு அழைப்புகள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். ஏழுமே "வாரும்" என்ற கெஞ்சலில்தான் போய் முடியும். வயதான சகோதரிகளின் குரல் அந்த இடத்தில் நடுங்கும். அவர்கள் கதை சொல்லவில்லை, நிஜமாகவே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு அங்கேதான் பட்டது.

துறவு வாழ்க்கைக்கு ஆகமன காலம் ஏன் இவ்வளவு நெருக்கம் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. சொந்தமாக வீடு இல்லை, பிள்ளை இல்லை, நாளை எந்த ஊர் என்பது கையில் இல்லை. அந்த வெற்றிடத்தை வேறு எதையும் போட்டு நிரப்பாமல், வருகிறவருக்கென்று விட்டு வைப்பதுதான் துறவியர் கொடுக்கும் வார்த்தைப்பாடு. அப்படி ஒரு வெற்றிடம் என்ன தரும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. செகந்திராபாத்துக்கு 1871இல் புனித அன்னாள் சபைச் சகோதரிகள் இத்தாலியின் தூரின் நகரிலிருந்து வந்தார்கள். அந்தச் சபையை 1834இல் தொடங்கியவர்கள் கார்லோ தன்கிரேதியும் அவர் மனைவி ஜூலியாவும். பெரும் பணக்காரத் தம்பதி, குழந்தை இல்லை. தூரினின் ஏழைப் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டார்கள். சிறையில் கிடந்த பெண்களைத் தேடிப் போனார் ஜூலியா. அவர்கள் வீட்டில் காலியாகவே இருந்த தொட்டிலின் பலனை, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடமாக அனுபவித்தார்கள்.

சித்திக்குப் பிடித்த புனிதை குழந்தை இயேசுவின் தெரேசா. 1886 கிறிஸ்துமஸ் இரவைப் பற்றி அவள் சொல்லக் கேட்க வேண்டும். நடுச்சாமப் பூசை முடிந்து லிசியே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தெரேசாவுக்குப் பதினாலு வயது நிறையவில்லை. தொட்டதற்கெல்லாம் அழுகிற பெண். பிள்ளைகளின் காலணியில் பரிசு வைக்கும் வழக்கத்தைப் பற்றி அப்பா அலுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்கிறார், நல்லவேளை இதுதான் கடைசி வருஷம் என்கிற மாதிரி. மாடிப்படியில் நின்ற தெரேசா காதில் அது விழுகிறது. வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்து, சிரித்தபடி பரிசுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். அவ்வளவுதான். அந்த இரவை அவர் கடைசி வரை தன் மனமாற்றம் என்றே சொன்னார். பதினைந்து வயதில் கார்மேல் மடத்துக்குள் போனார். "ஒரு அழுகையை விழுங்கினது. அதுவும் ஒரு வைக்கோல்தான்" என்பாள் சித்தி.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி இருந்தார். நவம்பரிலேயே உலர்திராட்சையையும் டூட்டி ஃப்ரூட்டியையும் ரம்மில் ஊறப்போட்டு, ஊறுகாய் ஜாடியில் துணி கட்டி வைத்துவிடுவார். டிசம்பர் நடுவில் கேக் மாவைப் பெரிய பாத்திரத்தில் கலக்கி, தலைச்சுமையாக பேக்கரிக்குக் கொண்டு போவோம். ரொட்டி வேலை ஓய்ந்த பிறகு, ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பில் வைத்து எடுத்துத் தருவார்கள். ஜாதிக்காயும் கருக்கிய சர்க்கரையும் சேர்ந்த அந்த மணம் வழிநெடுக நாயைக் கூட்டிவரும். கல்கல் உருட்டப் பிள்ளைகள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போவோம். மாவுருண்டையை முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் சுருட்டினால் சிப்பி மாதிரி வரும். எங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் அங்கே போகும், ரோஸ் குக்கி இங்கே வரும். ஆனால் பூசைக்கு முன்னால் ஒரு துண்டு கேக் அவரிடமிருந்து பெயராது. கேட்டால், முதல் துண்டு பூசை பார்த்தவருக்குத்தான் என்பார். மொழி வேறு, சமையல் வேறு. அந்த ஒரு விஷயத்தில் அவரும் அம்மாவும் ஒரே கட்சி.

இருபத்துநாலாம் தேதி அம்மாவுக்கு ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி கிடையாது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் உபவாச விதிகளைத் தளர்த்தி நெடுநாளான பிறகும் அவள் அதை விடவில்லை. மத்தியானம் சோறும் பருப்பும் மட்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பதற்குள் கால் கடுக்கும். வீட்டுக் குடிலுக்கு டால்டா டப்பாவில் கேழ்வரகு விதைத்திருப்போம். விதைத்து அரைச் சாண் வளர்ந்த பச்சையை அன்றுதான் தூக்கி வைப்போம். குடில் கட்டும்போது அப்பா கிரேச்சோ கதையைச் சொல்வார். 1223இல் பிரான்சிஸ் அசிசி, இத்தாலிய மலைக்கிராமம் ஒன்றில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கட்டி, வைக்கோல் நிரம்பிய முன்னணையைப் பார்த்தபடி அந்த இரவைக் கொண்டாடினார். கடவுள் எவ்வளவு இல்லாமையில் வந்தார் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இப்போது ஹைதராபாத்தில் டிசம்பர் பிறந்ததுமே, பண்டிகைக்கு முன்னாலேயே கொண்டாடும் செமி கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுகிறது. அலுவலகம், பள்ளி, அடுக்ககம், ஒவ்வொரு சபையும். மேடை, கேக், கிறிஸ்துமஸ் தாத்தா, பிரியாணி. எல்.பி. ஸ்டேடியத்தில் அரசு விருந்தும் நடக்கிறது. எல்லா மதத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. என் கவலை வேறு. இருபத்துநாலாம் தேதி வருவதற்குள் எல்லாப் பாட்டையும் பாடித் தீர்த்து, எல்லாக் கேக்கையும் தின்று தீர்த்து, பாலன் பிறக்கும் இரவில் ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள். இருபத்தாறாம் தேதி நட்சத்திரத்தை இறக்கிவிடுகிறார்கள். பசிக்கு முன்னாலேயே பந்தி முடிந்துவிடுகிறது. திருச்சபைக் கணக்கில் கிறிஸ்துமஸ் காலமே பாலன் பிறக்கும் அந்த இரவில்தான் தொடங்குகிறது.

காத்திருப்பு என்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு இல்லை. ஆல்பிரட் டெல்ப் என்ற ஜெர்மன் இயேசு சபைக் குரு, 1944 டிசம்பரில் பெர்லின் தேகல் சிறையில் கைவிலங்கோடு இருந்தார். திருவருகைக்காலத்தைப் பற்றித் துண்டுத் தாள்களில் எழுதி, சலவைத் துணியோடு வெளியே அனுப்பினார். சபையில் இறுதி வார்த்தைப்பாட்டை அவர் கொடுத்தது அந்தச் சிறையில்தான், டிசம்பர் 8 அன்று. 1945 பிப்ரவரி 2ஆம் தேதி நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் அது. கிழவர் சிமியோனும் கைம்பெண் அன்னாவும் காத்திருந்து குழந்தையைக் கண்ட நாள். 1997 முதல் திருச்சபை துறவியருக்கான நாளாக அதையே கொண்டாடுகிறது.

சித்தி இப்போது முதிய சகோதரிகளுக்கான இல்லத்தில் இருக்கிறாள். அன்று மெட்ரோவில் நான் போனது அவளைப் பார்க்கத்தான். கண் மங்கிவிட்டது, முழங்கால் மடங்காது. அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு செபமாலை. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் சித்தி என்றேன். சால்வை, பழம், ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டடீ பேசாம இருக்கே?" என்று கேட்டாள். பார்க்க வருகிற எல்லோரிடமும் இந்த மாதம் அவள் கேட்கும் கேள்வி அதுதான் என்று அங்கிருந்த இளைய சகோதரி சொன்னார். எனக்கு ஒரு பெயர் இருந்தது, சொன்னேன். "பாலன் வர்றதுக்குள்ள பேசிடு. பாதையைச் செம்மைப்படுத்துறதுன்னா ரோடு போடுறதுன்னு நினைச்சியா?" என்றாள். அடுத்த வாரம் போன் செய்தேன். நெடுநேரம் பேசினோம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வருஷம் குடில் கட்டினால் முன்னணையை இருபத்துநாலாம் தேதி இரவு வரை காலியாக விடுங்கள். பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கோல் வையுங்கள், பிள்ளைகளுக்கு ஒன்றும் விளக்க வேண்டாம், ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கும் ஒருவரோடு பேசிவிடுங்கள். பாட்டை மிச்சம் வையுங்கள். கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை, ஜனவரி இரண்டாம் வாரம் அளவும் இருக்கிறது; பாட நாள் நிறைய உண்டு.